இறக்கைக்கு எண்ணெய் ஆகாது

எனக்கு நாலு இறக்கை. முதுகில் தோள்பட்டை எலும்பை ஒட்டி, இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. தும்பியின் இறக்கைகள். கண்ணாடியில் தெரியாது, கை வைத்தால் தட்டுப்படாது, ரவிக்கைக்கு அளவெடுக்கும் அக்காவின் டேப்பிலும் வராது. அவை இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அவை இருப்பதும் நன்றாகத் தெரியும். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டதால் எனக்கு இதில் குழப்பமே கிடையாது. கேட்கிறவர்களுக்குத்தான் தலை சுற்றும். அதற்கு நான் பொறுப்பல்ல.

காவேரிப்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் வளர்ந்தவள் நான். மழை முடிந்தால் ஏரிக்கரை முழுக்கத் தும்பிதான். எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோரும் தும்பி பிடிப்போம். பிடித்து, வாலில் நூல் கட்டி, சின்னக் கல்லைத் தூக்க வைப்பது விளையாட்டு. ஏழு வயதில் முதன்முதலாக ஒன்றை நானே பிடித்தேன். அதன் இறக்கைகளைச் சேர்த்து இரண்டு விரலால் அழுத்தியதும் என் முதுகில் சுருக்கென்று இழுத்தது. அலறிக்கொண்டு விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு யார் தும்பி வாலில் நூல் கட்டினாலும் அவர்கள் முதுகில் ஒன்று வைத்தேன். சண்டைக்காரி என்று பெயர் வாங்கினேன். அந்தப் பெயர் இன்றுவரை எனக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

பன்னிரண்டு வயதுக்குள் அவற்றின் அளவும் வாட்டமும் மனப்பாடம் ஆகிவிட்டன. மேல் இறக்கை இரண்டும் ஒல்லி, கீழ் இறக்கை இரண்டும் அடிப்பக்கம் அகலம். ஒவ்வொன்றின் நுனிக்குப் பக்கத்திலும் ஒரு கருப்புப் புள்ளி, அந்த இடத்தில் மட்டும் துளி கனம். தும்பி தன் இறக்கையை மடித்து வைக்காது. உட்கார்ந்தாலும் தூங்கினாலும் விரித்தபடியே இருக்கும். என்னுடையவையும் அப்படித்தான். இரண்டு கையையும் நீட்டினால் எவ்வளவு அகலமோ, அதற்கு ஒரு சாண் கூடுதலாக எப்போதும் விரிந்தே இருக்கும். யாராவது குறுக்கே நடந்தால் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. எனக்கு இடிக்கும். கூட்டத்தில் அரை மணி நேரம் நின்றுவிட்டு வந்தால் நாலும் கசங்கிப்போயிருக்கும், உட்கார்ந்து ஒவ்வொன்றாக நீவிவிட வேண்டும்.

அதனால் பராமரிப்பு என்று ஒன்று தானாக வந்து சேர்ந்தது. முதுகில் மாட்டும் பை எடுக்க மாட்டேன், தோளில் தொங்கும் பைதான். துப்பட்டாவை இரண்டு பக்கமும் பின் குத்தி முன்னாலேயே நிறுத்துவேன். குப்புறப் படுத்தால்தான் தூக்கம். குறுகலான வாசலில் ஒருக்களித்து நுழைவேன். காலையில் மொட்டை மாடிக்குப் போய் வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணை மூடி, மனசாலேயே ஒவ்வொரு இறக்கையையும் அடியிலிருந்து நுனிவரை தடவிப் பார்ப்பேன். கிழிசல் இல்லை, மடிப்பு இல்லை, புள்ளி நாலும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. அதற்குப் பிறகுதான் டீ.

கல்லூரியில் படிக்கும்போது ஃபோனில் தேடிப் பார்த்ததில் இதற்கு ஒரு பெயரே இருப்பது தெரிந்தது. உடம்பால் மனிதராகவும் உள்ளுக்குள் வேறொரு உயிராகவும் தம்மை உணர்கிறவர்களைத் தீரியன் என்கிறார்கள். நான் சேர்ந்த குழுவில் ஓநாய், நரி, பூனைதான் ஜாஸ்தி. பூச்சிகள் நாங்கள் விரல்விட்டு எண்ணும்படி இருந்தோம். அதில் ஒரு தேனீ, எந்த நாடு என்று சொல்லவில்லை, வேலை முடிந்து வந்ததும் தன் இறக்கைகளை எப்படிச் சுத்தம் செய்கிறது என்று நீளமாக எழுதியிருந்தது. படித்துவிட்டு விடுதிக் குளியலறையில் போய் அழுதேன். நிம்மதியில் வந்த அழுகை அது.

வேலூரில் ஒரு டாக்டரிடமும் கேட்டுப் பார்த்தேன். "இதனால உங்க வேலை கெடுதா? தூக்கம் கெடுதா? யாருக்காச்சும் தொந்தரவா?" என்றார். இல்லை என்றேன். "அப்புறம் இன்னாம்மா? நல்லா பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவர் சொன்னதை நான் இன்றுவரை கடைப்பிடிக்கிறேன்.

படித்து முடித்து ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சேர்ந்தேன். தோல் செக்கிங் வேலை. பதனிடும் டேனரியிலிருந்து வரும் தோலை மேசையில் விரித்து, விளக்கு வெளிச்சத்தில் அங்குலம் அங்குலமாகப் பார்த்து, உண்ணி கடித்த இடம், முள் கிழித்த இடம், சிரங்குத் தழும்பு எல்லாவற்றையும் வெள்ளிப் பேனாவால் வட்டம் போட வேண்டும். கட்டிங் ஆட்கள் அந்த வட்டங்களை விட்டுவிட்டு வெட்டுவார்கள். நின்றுகொண்டு செய்கிற வேலை, முதுகுக்குப் பின்னால் யாரும் வர மாட்டார்கள். இறக்கைக்கு இதைவிட நல்ல வேலை ஆம்பூரில் கிடைக்காது. என் சூப்பர்வைசருக்கு நான் ஏன் தையல் லைனுக்குப் போக மறுக்கிறேன் என்று கடைசிவரை புரியவில்லை. அங்கே நாற்காலிகளுக்கு முதுகு இருக்கிறது, அவ்வளவுதான் காரணம்.

கல்யாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளையும் ஆம்பூர்தான், ஒரு டேனரியில் காயவைக்கும் பிரிவில் வேலை. ஈரத்தோலை இரும்புச் சட்டத்தில் சுருக்கம் போக இழுத்து, ஓரத்தில் சுற்றிலும் கிளிப் மாட்டிக் காயவைக்கிறவர். இரண்டு வீட்டிலும் எல்லாம் பிடித்துப்போன நிலையில், நான் ஒரே ஒரு நாள் தனியாகப் பேச வேண்டும் என்றேன். மறைத்துவைத்துக் கல்யாணம் செய்துகொள்ள எனக்கு இஷ்டமில்லை. பக்கத்தில் படுத்துத் தூங்கப்போகிறவருக்கு அங்கே ஏற்கெனவே நாலு இறக்கை படுத்திருக்கும் என்பது தெரிய வேண்டாமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிகொண்டா கோயிலில் சந்தித்தோம். பெருமாளைப் பார்த்துவிட்டு பிரகாரத்தில் உட்கார்ந்ததும், முன்னுரை எதுவும் இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஏரி, தும்பி, முதுகில் இழுத்தது, தீரியன், டாக்டர், குப்புறப் படுப்பது எல்லாம். அவர் பிரசாதப் புளியோதரையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் கேட்டார். நான் சொல்லி முடித்துவிட்டு, எழுந்து போகப் போகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மொத்தமா எத்தினி சதுர அடி வரும்?" என்றார்.

எங்கள் பக்கம் தோலைச் சதுர அடிக் கணக்கில்தான் வாங்குவதும் விற்பதும். மனிதர் அந்தப் பழக்கத்தில் கேட்டுவிட்டார். எனக்குச் சிரிப்பு வெடித்தது.

"இன்னாங்க, வாங்கப் போறீங்களா?"

"இல்லமா, பைக்ல பின்னாடி உக்காந்தா எவ்ளோ அகலம் ஆகும்னு தெரியணும்ல? இடிச்சிடக் கூடாது."

"ரெண்டு பக்கமும் சேத்தா ஆறடி இருக்கும்."

"அப்ப காரு கணக்கு" என்று சொல்லிவிட்டுப் புளியோதரையைச் சாப்பிட ஆரம்பித்தார். இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்றதற்கு, "நான் இன்னா மைக் செட்டா?" என்றார். நான் அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

மாசியில் கல்யாணம். வாடகை வீட்டுக்குப் போன முதல் நாளே சுவரை ஒட்டிக் கிடந்த கட்டிலை இழுத்து அறையின் நடுவில் போட்டார். பார்க்க வந்த அவருடைய அக்கா, "இதென்ன, வீட்ட நடுவுல அடச்சிக்கினு?" என்று கேட்டதற்கு, "காத்து வரும்கா" என்று சொல்லிச் சமாளித்தார். சொன்னபடியே பைக்கைக் கார் மாதிரி ஓட்டினார். இரண்டு பக்கமும் இடம் விட்டு, ரோட்டின் நடுவில், ஆட்டோ போகிற சந்துக்குள் போகாமல். அவருடைய தோஸ்துகள், "இன்னாடா, ரிவர்ஸ் கியரும் வெச்சிருக்கியா?" என்று கிண்டல் செய்தார்கள். நான் பின்னால் உட்கார்ந்து, காற்றில் நாலு இறக்கையும் அதிர, ராணி மாதிரிப் போனேன். அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன் நான் எங்கேயும் போனதில்லை.

கத்திரி வெயில் வந்தது. எங்கள் பக்கத்து வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. இறக்கையின் ஓரமெல்லாம் மொடமொடவென்று ஆனது. லேசாக அசைந்தாலும் காய்ந்த வாழைச்சருகு மாதிரி ஒரு சத்தம் உள்ளுக்குள் கேட்டது. போதாக்குறைக்கு, வீட்டு ஓனர் மொட்டை மாடியைப் பூட்டி வைத்திருந்தார், என் காலை வெயில் போய்விட்டது. ஏழு மணி கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு நாள் அவரிடம், "ரொம்பக் காய்ஞ்சாப்பல இருக்குதுங்க, ஓரம் உடஞ்சிடுமோன்னு பயமா இருக்குது" என்றேன்.

"எண்ணெ கம்மி" என்றார் அவர், யோசிக்காமல்.

நானும் யோசிக்காமல் தலையாட்டினேன். எங்கள் இருவரையும் யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆம்பூரில் எந்தத் தோல் மொடமொடத்தாலும் அதற்கு எண்ணெய் பற்றவில்லை என்றுதான் அர்த்தம். ட்ரம்மில் போட்டு எண்ணெய் ஏற்றினால்தான் தோல் பதமாகும், மடித்தால் வெடிக்காது. மொடமொடத்த தோலை நானே எத்தனையோ முறை ரிஜெக்ட் செய்து ஓரமாகத் தள்ளியிருக்கிறேன். காலையிலிருந்து சாயங்காலம்வரை தோலோடு கிடக்கிற இரண்டு பேர் ஒரு வீட்டில் இருந்தால், உலகத்தில் எல்லாமே தோலாகத்தான் தெரியும்.

ஞாயிறுதோறும் எண்ணெய் என்று ஆயிற்று. அவர் தேங்காய் எண்ணெயைச் சூடாக்கி, ஆறவைத்து, என் முதுகில் இறக்கையின் அடி இருக்கும் நாலு இடத்தையும் கேட்டுக் கேட்டுத் தேய்ப்பார். நான் கண்ணை மூடி, அந்த எண்ணெய் நரம்பு நரம்பாக ஏறி நுனிவரை போவதாக நினைத்துக்கொள்வேன். இவ்வளவு நாளும் தனியாகப் பார்த்துக்கொண்டதை இன்னொருவர் கையும் பார்த்துக்கொள்கிறது என்பதே பெரிய சுகமாக இருந்தது. இரண்டு மாதத்தில் மொடமொடப்பு போய்விட்டது. "பதமா ஆயிடுச்சுங்க" என்று நானே சர்டிஃபிகேட் கொடுத்தேன்.

ஆடி கழிந்த பிறகு கனக்க ஆரம்பித்தது. முதலில் நுனிகள் தொங்கின. பைக்கில் போகும்போது காற்றில் அதிரவில்லை, நனைந்த துணி மாதிரிப் படபடத்தன. சரி, இன்னும் கொஞ்சம் எண்ணெய் வேண்டும்போல என்று புதன்கிழமையும் தேய்த்தோம். ஒரு நாள் காலையில் எழுந்தபோது இடப்பக்க இறக்கைகள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. அடுத்த வாரம் வலப்பக்கம். மடியவே மடியாத இறக்கைகள் முதுகோடு முதுகாக ஒட்டிக்கொண்டு, கருப்புப் புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்றே தெரியவில்லை. புரட்டாசி முடிவதற்குள் எதுவுமே இல்லை. மனசால் தடவிப் பார்த்தேன், நினைத்துப் பார்த்தேன், குப்புறப் படுத்துக் காத்திருந்து பார்த்தேன். முதுகு வெறும் முதுகாக இருந்தது. அன்றைக்கு நான் முதல் முறையாக மல்லாந்து படுத்தேன், எதுவும் நசுங்கவில்லை. எனக்கு வந்த பயத்தை எழுத முடியவில்லை. செத்துப்போனது யார் என்று சொல்லி அழுவது?

இருபத்தேழு வயசுவரை இருந்தது, கல்யாணமான எட்டே மாதத்தில் போய்விட்டது. அப்படித்தான் கணக்குப் போட்டேன். ஒரு சாயங்காலம் அவர் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, "தேக்கட்டுமா?" என்றபோது கத்திவிட்டேன்.

"தேச்சி இன்னா ஆவப்போவுது? அங்க ஒண்ணும் இல்ல. உங்களக் கட்டிக்கினதுல இருந்துதான் எல்லாம் போச்சு. தனியா இருந்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு."

அவர் கிண்ணத்தைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டார். அதன்பிறகு இறக்கை என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. சாப்பாடு, துணி, தண்ணீர் லாரி, இவற்றைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டோம்.

தலைதீபாவளிக்குக் காவேரிப்பாக்கம் போக வேண்டும். நாலு நாளுக்குத் துணி எடுத்தால் போதும். நான் பத்து நாளுக்கு எடுத்தேன். பீரோவிலிருந்து என் சர்டிஃபிகேட் ஃபைலையும் எடுத்துப் பையின் அடியில் வைத்தேன். தீபாவளி முடிந்ததும் அவரை மட்டும் அனுப்பிவிட்டு அங்கேயே இருந்துவிடுவது என்று முடிவு. இறக்கையா, இவரா என்றால் இறக்கைதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் பையைத் தூக்கிப் பார்த்தார், கனம் தெரிந்திருக்கும். பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார். வழி முழுக்க வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டே ஓட்டினார். மூன்று மணி நேரம். எரிச்சலாக இருந்தது.

தீபாவளிக்கு முதல் நாள் காலை, தூறல் நின்றதும், நான் மட்டும் ஏரிப்பக்கம் போனேன். கோரைத் தண்டுகளில் வரிசையாகத் தும்பிகள். இறக்கை முழுக்க மழைத்துளி. எதுவும் துடைத்துக்கொள்ளவில்லை. வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, விரித்த இறக்கைகளைக் குளிரில் நடுங்குவது போலக் கிடுகிடுவென்று ஆட்டின. துளிகள் உருண்டு விழுந்தன. வெயில் ஏற ஏற, இறக்கைகள் கண்ணாடிக் காகிதம் மாதிரி விறைப்பாக நின்றன. கிட்டே போய்க் காது கொடுத்தேன். ஒன்று கிளம்பியபோது அந்தச் சத்தம் கேட்டது. அதே மொடமொடப்பு.

அப்பாவின் நிலம் ஏரியை ஒட்டித்தான் இருக்கிறது. திரும்பும் வழியில் டீசல் எஞ்சின் பக்கம் கால் கழுவப் போனேன். வாய்க்காலில் தேங்கிய தண்ணீர்மேல் எண்ணெய் படர்ந்து மினுமினுத்தது. அதில் ஒரு தும்பி விழுந்து கிடந்தது. உயிர் இருந்தது. கால்கள் அசைந்தன. இறக்கை நாலும் ஒன்றோடொன்று ஒட்டி முதுகோடு கிடந்தன.

நான் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை மாதமாக என் முதுகில் நடந்ததை ஒருவர் கையில் வைத்துக் காட்டியது போல் இருந்தது. இறக்கை தோல் இல்லை. அதற்குப் பதம் தேவையில்லை, மொடமொடவென்று இருப்பதுதான் அதன் ஆரோக்கியம். வெயிலில் அது நன்றாகத்தான் இருந்தது. நல்லதை ரிஜெக்ட் என்று வட்டம் போட்டவள் நான். தோல் செக்கிங்கில் பேர் வாங்கியவள்.

ஒரு குச்சியால் அந்தத் தும்பியை எடுத்து வெயில் படும் இலைமேல் விட்டேன். சாயங்காலம் போய்ப் பார்த்தபோது அங்கே இல்லை. பறந்ததா, எறும்பு இழுத்துப் போனதா, தெரியாது. வீட்டுக்கு வந்தபோது அவர் என் அப்பாவோடு உட்கார்ந்து கேபிள் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். இவரைக் கட்டிக்கொண்டதால் ஒன்றும் போகவில்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லியிருக்கலாம். சண்டைக்காரிக்கு மன்னிப்புக் கேட்பது அவ்வளவு சுலபமாக வராது. போய் வெங்காயம் உரித்தேன்.

தீபாவளி விடியற்காலை. மனை போட்டு, கோலம் போட்டு, அம்மா வெதுவெதுப்பான நல்லெண்ணெயோடு வந்து நின்றாள். தலைதீபாவளிக்கு மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் எண்ணெய் வைப்பது அம்மாவின் ஒரு வருஷத்துக் கனவு. நான், "எனக்கு வேணாம்மா" என்றேன்.

"இன்னாடி வேணாம்? நல்ல நாளு அதுவுமா, மாப்ள எதுருக்க? தலைக்கு, முதுகுக்கு எல்லாம் வெச்சித்தான் ஆவணும்."

"வெறும் சீயக்காய் போதும். எண்ணெ ஒரு சொட்டுகூட என் மேல படக் கூடாது."

என் குரலில் அழுகை இருந்திருக்க வேண்டும். அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. மனையில் உட்கார்ந்திருந்த அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. நான் மெல்லத் தலையாட்டினேன். அவர் முகத்தில் இரத்தம் சுண்டிப்போனதைப் பார்த்தேன். தன் கையாலேயே தேய்த்தோமே என்று நினைத்திருப்பார். ஆனால் அம்மாவிடம் திரும்பி, சிரித்தபடி, "அத்தை, அவளுக்கு வேணாம். அவ பங்கையும் சேத்து எனக்கே வைங்க" என்றார்.

அம்மா வைத்தாள். கோபத்தில் இரண்டு பங்குக்கும் மேலேயே வைத்தாள். காதுக்குள், புருவத்தில், உள்ளங்காலில் எல்லாம் எண்ணெய் வழிய, மாப்பிள்ளை கையெடுத்துக் கும்பிடும்வரை விடவில்லை. நான் குளியலறைக்குப் போய் முதுகை மூன்று முறை சீயக்காய் போட்டுத் தேய்த்தேன். குளித்துவிட்டு வந்து, பட்டாசு சத்தம் எதையும் காதில் வாங்காமல், கொல்லையில் கிணற்றுமேட்டில் வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். துடைக்கவில்லை, தடவவில்லை, எதையும் நினைக்கவில்லை. தும்பிகள் செய்தது போலத் தோள்பட்டையை மட்டும் சின்னதாக ஆட்டிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. மறுநாள் காலையில், அதே இடத்தில், இடப்பக்கம் மேல் இறக்கையின் அடியில் ஊசி குத்துவது போல் ஒன்று. அசையாமல் இருந்தேன். மத்தியானத்துக்குள் அது முழு நீளத்துக்கு விரிந்து, நுனியில் அந்தத் துளி கனம் வந்து உட்கார்ந்தது. அதற்கு மறுநாள் இன்னும் இரண்டு. கிணற்றுமேட்டில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்து சிரிப்பதைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "விசேஷமா?" என்று அம்மாவிடம் கேட்டாராம்.

இவ்வளவும் நடந்தபோது அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் உட்கார்ந்திருக்கும்போது கொல்லைப் பக்கம் யாரும் வராமல் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான். வந்ததா என்று கேட்டு, இல்லை என்று நான் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவருக்கு. கிளம்பும் நாள், நான் பையை எடுத்து வந்து வைத்ததும், அவர் டேங்க் மேல் வைத்துக் கட்டினார். கயிற்றை இரண்டு முடிச்சுக்குப் பதில் நாலு முடிச்சு போட்டார்.

திரும்பும்போது நல்ல வெயில். அவர் அதே மாதிரி உருட்டிக்கொண்டுதான் போனார். எனக்கு மூன்று இறக்கையிலும் காற்று பட்டது. சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று வாலாஜா தாண்டியும் நினைத்துக்கொண்டே வந்தேன். சத்துவாச்சாரியில் சர்வீஸ் ரோட்டுக்குள் இறங்கினோம். அங்கே இடப்பக்கம் ஒரு லாரி செங்கல் இறக்கிக்கொண்டிருந்தது, வலப்பக்கம் ஒரு பஸ் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு பைக் தாராளமாகப் போகும். எங்களுக்கு முன்னால் நாலைந்து பேர் போய்விட்டார்கள்.

அவர் பிரேக் போட்டு நின்றார்.

பின்னால் ஹார்ன் மேல் ஹார்ன். மொபெட்டில் பால் கேன் கட்டிய ஒருவர் பக்கத்தில் வந்து, "இன்னாப்பா, இவ்ளோ இடம் கெடக்குது, போயேன்!" என்றார்.

"பத்தாதுணா. நீங்க போங்க" என்றார் இவர்.

அந்த ஆள் இடத்தைப் பார்த்தார், எங்கள் பைக்கைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டு இடுக்கில் புகுந்து போய்விட்டார்.

நான் அவர் தோளுக்குப் பக்கத்தில் குனிந்து, "எதுக்கு நின்னீங்க?" என்று கேட்டேன்.

"ரெக்க இடிக்கும்."

"வந்துடுச்சின்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம்?"

அவர் திரும்பவில்லை. "ஊருக்குப் போறப்பவும் இடம் விட்டுத்தான் ஓட்டினேன். இந்த ஒரு மாசமும் அப்டித்தான் ஓட்டினேன். எந்த நேரத்துல வரும்னு தெரியாதுல்ல? வர்றப்ப போயி எதுலயாச்சும் இடிச்சிட்டா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஹெல்மெட் போட்டிருந்தது நல்லதாய்ப் போயிற்று. போகும்போது உருட்டுகிறாரே என்று நான் எரிச்சல்பட்ட அந்த மூன்று மணி நேரமும், இல்லாமல் போன என் இறக்கைகளுக்கு இவர் இடம் விட்டுக்கொண்டு வந்திருக்கிறார். பையின் அடியில் என் சர்டிஃபிகேட் ஃபைல் இருந்தது. அதை அவர் மடியில் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தப்பு உங்களுது இல்லங்க. நானும் சேந்துதான் எண்ணெ கம்மின்னு சொன்னேன்" என்றேன். பிறகு, "மூணு வந்துடுச்சு. வலப்பக்கம் கீழ இருக்கறது மட்டும் இன்னும் வரல" என்றேன்.

பஸ் கிளம்பிப் போயிற்று. அவர் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார்.

"நாலுக்கும் சேத்துதான் இடம் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.